எளிய உரையும் ஒப்பனை மடலும்

கொச்சியின் கிழக்கு ஓரத்திலுள்ள காக்கநாட்டுக்கு 2004இல் இன்ஃபோபார்க் வந்தது. அதன்பின் எழுந்த அடுக்ககங்களில் கோவை, மதுரை, நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்களும் குடியேறின. மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழரின் நிலை வேறு. அவர்தம் பிள்ளைகளுக்கு மலையாள எழுத்து பள்ளியிலேயே வாய்த்துவிடுகிறது. காக்கநாட்டின் புதிய தமிழருக்கோ செவி மலையாளம் உண்டு, கண் மலையாளம் இல்லை. பேசினால் புரியும், எழுதிக் காட்டினால் புரியாது.

அத்தகையவர் ஒருவரின் கைப்பேசிக்குக் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மலையாளத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது என்று கொள்வோம். அது எழுத்தாக வந்திருந்தால் வழி உண்டு. வினோத் ராஜன் உருவாக்கிய அக்ஷரமுகா என்னும் எழுத்துமாற்றிக் கருவியில் அதை ஒட்டினால், மொழி மலையாளமாகவே இருக்க, எழுத்து மட்டும் தமிழாகிவிடும். ‘நாளெ ராவிலெ வெள்ளம் உண்டாகில்ல’ என்று படித்ததும் செவிக்குப் பழகிய மொழி கண்ணுக்கும் பழகிவிடுகிறது. (மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். இதை அறியாத புதியவர், நாளைக் காலை வெள்ளப்பெருக்கு இராது என்று நிம்மதியடைந்து, குடத்தை நிரப்பாமல் உறங்கப் போகவும் கூடும்.) அதே அறிவிப்பு பூங்கொடி வரம்பும் மூன்று நிறமும் சாய்ந்த எழுத்தும் கொண்ட படமாக வந்தால் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இன்று உண்டு என்பது உண்மையே. ஆனால் அலங்கார எழுத்துருவிலும் பூப்போட்ட பின்னணியிலும் அவை தடுமாறும்.

எழுத்துகளும் இடைவெளிகளும் வரிமுறிவுகளும் மட்டுமே கொண்டது எளிய உரை. கணினித் துறையினர் வழக்கில் பிளெயின் டெக்ஸ்ட். நிறம், எழுத்துரு, அளவு, தடிமன், படம் ஆகியவற்றைச் சுமந்து வருவது ஒப்பனை மடல். இவ்விரண்டில் எது முறையானது என்ற வழக்கு இணையக் குழுக்களின் வயதை ஒத்தது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் நாகரிகம் பற்றிய வழக்காகவே நடந்தது. தமிழில் அது எழுத்து வாழுமா அழியுமா என்ற வழக்காக நடந்தது. இந்த வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை.

மின்னஞ்சலின் அமைப்பை வரையறுத்த 1982ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 822 என்னும் ஆவணம், மடல் ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகளால் ஆனது என்று கொண்டது. ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகிய இவ்வளவே அதன் உலகம். பத்தாண்டுகள் கழித்து 1992இல் நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த மைம் என்னும் நெறி, ஒரே மடலில் பல எழுத்துமுறைகளும் படமும் ஒலியும் செல்ல வழி திறந்தது. அதன்பின் வந்த மடல் மென்பொருள்கள் வலைப்பக்கம் போல அலங்கரித்த மடல்களை அனுப்பத் தொடங்கின. பழைய குழுக்களின் மூத்தோர் சினந்தனர். தொலைபேசிக் கம்பி வழியே நிமிடக் கணக்கில் பணம் கொடுத்து இணைந்தவருக்கு இரு வரி மடலோடு இருபது வரிக் குறிமொழியும் இறங்கியது; பழைய முனையங்களில் அக்குறிமொழி அப்படியே திரையில் கொட்டியது. 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்னும் இணைய நடத்தை வழிகாட்டி, ஒரு வரியை 65 எழுத்துகளுக்குள் அடக்குமாறும், முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுவது கூச்சலிடுவது போன்றது என்றும், அழுத்தம் வேண்டின் சொல்லின் இருபுறமும் உடுக்குறி இடலாம் என்றும் அறிவுறுத்தியது. அறிவுரை ஒவ்வொன்றும் ஆங்கிலத்துக்குப் பொருந்தும்.

தமிழர் இந்த அவைக்குள் நுழைந்தபோது அவர்களிடம் எளிய உரை என்பதே இல்லை. ஆஸ்கியின் 128 இடங்களில் தமிழுக்கென ஒன்றுமில்லை. எனவே யூஸ்நெட்டின் சாக்.கல்ச்சர்.தமில் குழுவிலும் பிற மடற்குழுக்களிலும் தமிழ் முதலில் உரோமன் எழுத்து உடுத்தே உலவியது. பல்கலைக்கழக நூலகங்களுக்கு இது புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் வகுத்த ஒலிபெயர்ப்பு முறை ஏற்கெனவே இருந்தது. ஆனால் லெக்சிகன் முறைக்கு எழுத்தின் மேலும் கீழும் கோடும் புள்ளியும் தேவை. அவை ஆஸ்கியில் இல்லை. ஆகவே ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு வேலை கொடுக்கப்பட்டது. சிறிய ‘எல்’ இட்டால் வலி. பெரிய ‘எல்’ இட்டால் வளி. ‘இசட்’ இட்டால் வழி. சிறிய ‘என்’ பனம், பெரிய ‘என்’ பணம். ஆங்கில நடத்தை நூல் கூச்சல் என்று ஒதுக்கிய பெரிய எழுத்து இங்கே றன்னகர ணன்னகர வேறுபாட்டைத் தாங்கி நின்றது. வாக்கியத் தொடக்கத்தில் தானாகவே பெரிய எழுத்தை இட்டுவிடும் மென்பொருள் ஒன்று குறுக்கிட்டால், நகரம் ணகரமாகிப் பொருள் மாறும். படிப்பதற்கு அழகில்லை, கண் வலித்தது, தமிழைத் தமிழாகக் காணாத வருத்தம் மிகுந்தது. ஆயினும் அந்த மடல் எந்தக் கணினியிலும் திறந்தது என்பதை நினைவில் இருத்த வேண்டும்.

1990களில் இரண்டாம் வழி பிறந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார்; அதைக் கொண்டு மடலைத் தமிழெழுத்திலேயே எழுத முடிந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் குழுவில் ஆஸ்திரேலியா, மலேசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று சிதறிக் கிடந்தவர்கள் தமிழெழுத்தில் மடலாடத் தொடங்கினர். மாதக்கணக்கில் தமிழ் அச்சைக் காணாத ஒருவர் இரவில் மடற்பெட்டியைத் திறந்து அகரத்தைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடலாகாது. அக்காலத்து மடல்களில் சிலவற்றின் முழுப் பொருளே ‘தமிழ் தெரிகிறதா?’ என்ற வினாதான்.

ஆனால் அந்தத் தமிழ் எங்கே இருந்தது? மடலுக்குள் இல்லை. மடலுக்குள் இருந்தவை ஐரோப்பிய மொழிகளின் தொப்பியிட்ட, புள்ளியிட்ட எழுத்துகளுக்குரிய எண்கள். அவ்வெண்களுக்குத் தமிழ் உருவைக் காட்டும் எழுத்துரு பெறுநர் கணினியில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லையெனில் கிறுக்கல். எழுத்துரு என்பது ஒப்பனை, உரை என்பது பொருள் என்று ஆங்கிலத்தில் பிரிக்கலாம். எழுத்துருவை மாற்றினாலும் ஆங்கில மடலின் சொல் மாறாது. அன்றைய தமிழ் மடலில் எழுத்துருவை அகற்றினால் சொல்லே இல்லை.

இங்குதான் வழக்கு தலைகீழாகத் திரும்பியது. குழுவினர் அனைவரும் ஒரே எழுத்துருவை நிறுவி, உலாவியில் ‘யூசர் டிஃபைன்ட்’ என்ற குறியேற்றத்தைத் தேர்ந்து வைத்தால் மட்டுமே எளிய மடல் படிக்க முடிந்தது. எழுத்துருவின் பெயரையும் குறிமொழியில் சேர்த்து ஒப்பனை மடலாக அனுப்பினால், எழுத்துருவை நிறுவிய எவரும் வேறு அமைப்பு எதையும் மாற்றாமலே படிக்கலாம். ஆங்கிலக் குழுவில் அநாகரிகம் எனப்பட்ட அதே ஒப்பனை, தமிழ்க் குழுவில் தமிழ் தெரிவதற்கான உதவியாயிற்று. அதே மடலை இன்னொருவர் மேற்கோளாக எடுத்து எளிய உரையில் மறுமொழி இட்டால் எழுத்துருவின் பெயர் உதிர்ந்துவிடும். மேற்கோள் கிறுக்கலாகும், மறுமொழி அந்தரத்தில் நிற்கும். வழியில் ஏதேனும் ஒரு பழைய வழங்கி எட்டாம் பிட்டைக் கத்தரித்துவிட்டாலோ, தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆஸ்கியின் ஏதோ ஓர் எழுத்தாகவோ குறியாகவோ சரிந்துவிடும். அப்படிச் சரிந்த மடலை எந்த எழுத்துருவாலும் மீட்க இயலாது.

ஒவ்வொரு எழுத்துருவும் தமிழெழுத்துகளை வேறு வேறு எண்களில் வைத்திருந்தது துன்பத்தைப் பெருக்கியது. ஈழத்தமிழரிடையே பாமினி பரவியிருந்தது. இதழ்கள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தன. இரண்டு இதழ்களைப் படிக்க இரண்டு எழுத்துருக்களை இறக்க வேண்டும். 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. மடல்வழி விவாதங்களிலேயே திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருப்பெற்றது: கீழ்ப்பாதியில் ஆஸ்கி, மேற்பாதியில் தமிழ் உருக்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் வேறிரு குறியேற்றங்களை ஏற்றது. ஆக, ஒழுங்கு வேண்டிக் கூடியவர்கள் கலைந்தபோது தரங்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. இதை எள்ளுவது எளிது. எனினும் அந்த விவாதங்களில் கலந்தவர்களுள் பலர் ஊதியமின்றி, தத்தம் வேறு தொழில்களுக்கிடையே, இரவுகளில் அந்த அட்டவணைகளைச் சீர்செய்தவர்கள். தமிழுக்கு ஓர் எளிய உரையைப் படைத்துத் தர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது, அச்சொல்லை அவர்கள் பயன்படுத்தாவிட்டாலும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் பிறந்தது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே பணியைப் பகிர்ந்து, சங்க நூல்கள் முதல் இக்கால நூல்கள் வரை தட்டச்சிட்டனர். முதலில் மயிலை வழிவந்த எழுத்துரு, பின் திஸ்கி, பின் யூனிகோடு என்று அதன் கோப்புகள் மும்முறை உடை மாற்றின. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அமர்ந்து மாற்றினார். அதனாலேயே இன்று ஓர் ஆய்வு மாணவர் குறுந்தொகைச் சொல் ஒன்றை நொடியில் தேடிக் கண்டடைகிறார்.

மடல்களுக்கு அப்படி யாரும் அமரவில்லை. யாகூ குழுமங்களில் மரத்தடி, அகத்தியர், ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுக்கள் நடத்திய உரையாடல்கள் தமிழ் இணைய இலக்கியத்தின் முதற் பருவம் எனத் தக்கவை. யாகூ நிறுவனம் 2019 அக்டோபரில் அறிவிப்பு வெளியிட்டு, உள்ளடக்கத்தை நீக்கி, 2020 டிசம்பர் 15 அன்று குழுமச் சேவையையே மூடியது. உறுப்பினர் சிலர் தம் கணினியில் இறக்கி வைத்தவை மட்டும் எஞ்சின. அப்படி எஞ்சிய கோப்பைத் திறக்கும் ஆய்வாளர் காண்பது ஒரு விந்தையான அடுக்கு. உரோமன் எழுத்தில் வந்த மடல்கள், அன்று அழகற்றவை என இகழப்பட்டவை, எழுத்துக்கு எழுத்து அப்படியே உள்ளன. கடைசியில் வந்த யூனிகோடு மடல்களும் தெளிவாக உள்ளன. இடைப்பட்ட ஆண்டுகளின் தமிழெழுத்து மடல்கள், அன்று கொண்டாடப்பட்டவை, கிறுக்கல் பாறையாகக் கிடக்கின்றன. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளால் அவற்றுள் பலவற்றை மீட்கலாம், எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்று தெரிந்தால். அதைச் சொல்லும் குறிப்பு எழுத்துருவின் பெயரில் இருந்தது. அந்தப் பெயர், எளிய உரையாகச் சேமித்தபோது ஒப்பனையோடு சேர்ந்து உதிர்ந்துவிட்டது. ஒரே மடலுக்குள் மூன்று பேரின் மேற்கோள்கள் மூன்று குறியேற்றங்களில் அடுக்கியிருந்தால், அதைப் பிரிப்பது கல்வெட்டுப் படிப்பை ஒத்த வேலை. கல்வெட்டுக்காரருக்கு உள்ள ஆறுதல் ஒன்று இங்கில்லை: கல்லில் உள்ளது தமிழெழுத்து என்பதாவது அவருக்குத் தெரியும்.

ஓலைச்சுவடியோடு ஒப்பிடும்போது இது மேலும் விளங்கும். சுவடியில் சொல்லிடைவெளி இல்லை, பத்தி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, மெய்க்குப் பெரும்பாலும் புள்ளியும் இல்லை. எளிய உரையின் எல்லை அது. ஆயினும் மூலம் எது, உரை எது, பொழிப்பு எங்கே முடிகிறது என்பதை உரையாசிரியர்கள் சொற்களாலேயே காட்டினர். ‘என்பது’, ‘என்றவாறு’ என்னும் முடிபுகள் இன்றைய மேற்கோள்குறியும் பத்திமுறிவும் செய்யும் வேலையைச் செய்தன. சுவடியைப் படியெடுத்தவர் எழுத்தை மட்டும் படியெடுத்தால் போதும். அமைப்பும் கூடவே வந்துவிடும். கொச்சிக்கு இதில் ஓர் உரிமை உண்டு. கொல்லத்தில் 1578இல் தம்பிரான் வணக்கமும், மறு ஆண்டே கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும் அச்சேறின. அன்றீக்கே அன்றீக்கசு அடிகளாரின் அந்நூல்கள் அச்சுக்கு மாறியும் ஓலையின் புள்ளியில்லா எழுத்தையே பின்பற்றின. மூலத்தையும் உரையையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து எனப் பிரித்துக் காட்டும் வழக்கம், 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் கையில்தான் முழுமை பெற்றது. அவர்கள் கொண்டுவந்த அமைப்பு பயனுடையது. அது இல்லாதபோதும் நூல் அழியாமல் இருந்ததும் உண்மை.

யூனிகோடில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம் பெற்றது. அது பொதுமக்கள் கணினியை அடைய விண்டோஸ் 2000 வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்பின் தமிழுக்கு உண்மையான எளிய உரை கிடைத்தது. எழுத்துரு எதுவாயினும் ககரம் ககரமே. ஆஸ்கிக்கால மடல் பாதையில் யூனிகோடு செல்ல வேண்டுமாயின் மூட்டை கட்ட வேண்டும். அதற்கும் மைம் நெறியில் இருவழி உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல் யூட்டிஎஃப் 8 முறையில் 15 பைட்டுகள். ‘குவோட்டட் பிரின்டபிள்’ முறையில் கட்டினால் 45 குறிகள், ‘பேஸ் 64’ முறையில் 20. ஆங்கிலத்துக்குச் சிக்கனமான முதல்முறை தமிழுக்கு ஊதாரித்தனம். பெறுநர் இதையெல்லாம் அறிய வேண்டியதில்லை. மூட்டையை அவிழ்த்ததும் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது.

எளிய உரை என்பதாலேயே சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கருதலாகாது. ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, தேடலில் இரண்டும் வேறு. ஔவையாரின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியவர் ஏராளம். கண்ணுக்குக் குறையொன்றும் தெரியாது, சொல்லடைவில் ஔவை இரண்டு பேராகிவிடுவார். கேரளத்தில் இதனினும் கடுமையான வழக்கு ஒன்று நடந்தது. மலையாளச் சில்லெழுத்துகளை மெய்யும் சந்திரக்கலையும், அவற்றோடு கண்ணுக்குப் புலப்படாத ஓர் இணைப்புக்குறியும் சேர்த்து எழுதுவது பழைய முறை. அந்த இணைப்புக்குறி வெறும் ஒப்பனைக் கட்டளை. அதை ஒரு மென்பொருள் புறக்கணித்தால் குற்றமில்லை என்பது பொது நெறி. அப்படிப் புறக்கணித்தால் ‘வன் யவனிக’ என்னும் பெருந்திரையும் ‘வன்ய வனிக’ என்னும் காடும் ஒரே சொல்லாகிவிடும். பொருளைத் தாங்குவது ஒப்பனைக் குறியாக இருக்கலாமா என்பதே வினா. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் மடற்குழுக்களில் வலுவாக எதிர்த்தும், 2008இல் வந்த யூனிகோடு 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனி இடங்கள் கொடுத்தது. பழைய முறையும் வழக்கொழியவில்லை. காக்கநாட்டுத் தமிழர் கருவியில் ஒட்டும் அறிவிப்பில் இன்றும் இரு முறைகளும் கலந்து வரக்கூடும்.

ஒப்பனையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. நேரிசை வெண்பாவுக்கு நாற்சீரடிகளும் முச்சீரான ஈற்றடியும் இரண்டாமடியின் ஈற்றில் தனிச்சொல்லும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வரியைத் தன் போக்கில் மடித்துவிடும் மென்பொருள் வழியே சென்ற வெண்பா, முறிந்த துண்டுகளாகப் போய்ச் சேர்ந்தது. மரபுக் கவிதைக்கென இயங்கிய சந்தவசந்தம் போன்ற குழுக்களில் வரிமுறிவு என்பது யாப்பு. வரிமுறிவு எளிய உரையின் பகுதியா ஒப்பனையா என்று கேட்டால் ஆங்கில உரைநடைக்காரர் ஒப்பனை என்பார். யாப்பு அறிந்தவர் அதை எழுத்தாகவே எண்ணுவார். இலக்கண ஆய்வாளருக்கும் அப்படியே. எடுத்துக்காட்டுச் சொல்லைச் சாய்வெழுத்தில் தராத இலக்கணக் கட்டுரையைப் படிப்பது தண்டனை. மைம் நெறி இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தது: ஒரே மடலில் எளிய வடிவமும் ஒப்பனை வடிவமும் அருகருகே செல்லும், பெறுநருக்கு இயன்றதை அவர் படிப்பார். காலப்போக்கில் பல நிறுவனங்களின் மடல்களில் எளிய பகுதி வெறுமையாகவோ, ‘உங்கள் மென்பொருள் இம்மடலைக் காட்டாது’ என்ற ஒற்றை வரியாகவோ சுருங்கிவிட்டது.

இன்றைய தமிழ்க் குழுக்களில் ஒப்பனை என்பது மடலின் நிறமோ எழுத்துருவோ அல்ல, படம். நூல் வெளியீடு, கருத்தரங்கம், இரங்கல், திருமணம் ஆகிய அனைத்தும் படமாகவே வருகின்றன. எழுத்தைப் பெறப் பல ஆண்டுகள் போராடிய மொழி, எழுத்தைத் தானே படமாக்கி அனுப்புகிறது. முன்பு எழுத்துரு இல்லாமையால் தமிழ் படமாக அனுப்பப்பட்டது. அதற்குக் காரணம் இருந்தது. இன்று அதற்குக் காரணம் அழகு ஒன்றே. கருத்தரங்க அழைப்பு ஒன்றை ஐந்தாண்டுக்குப் பின் தேடும் ஆய்வாளர், ‘படம்’ என்று மட்டும் பெயரிட்ட கோப்புகளின் குவியலில் தேடுவார். பார்வையற்றவர்க்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இஸ்பீக் குரலோடு இயங்கும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் தமிழ் யூனிகோடு உரையை ஓரளவு நன்றாகவே படித்துக் காட்டும். படம் வந்தால் அவை ‘படம்’ என்று சொல்லி அடுத்ததற்குச் சென்றுவிடும். இரங்கல் செய்தியில் இறந்தவர் யார் என்பதை இன்னொருவரிடம் கேட்டறிய வேண்டிய நிலை அது.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில், தமிழ்ப் பொருளிலான வெள்ளத்தில், எறணாகுளம் மாவட்டத்தின் பெரியாற்றங்கரை ஊர்கள் மூழ்கின. உதவி வேண்டுவோர் குரல் வாட்ஸ்அப் குழுக்களில் நிறைந்தது. கேரளா ரெஸ்க்யூ என்னும் இணையதளத்தில் தன்னார்வலர்கள் வேண்டுகோள்களைத் தொகுத்தனர்: பெயர், மாவட்டம், இடம், தொலைபேசி எண், தேவை. எழுத்தாக வந்த வேண்டுகோளை அப்படியே ஒட்டலாம். எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும். அதே எண் முன்பே பதிவாகியுள்ளதா என்று தேடலாம். திரைப்பிடிப்பாக வந்ததை ஒருவர் பார்த்துத் தட்டச்சிட வேண்டும். பத்து இலக்கத்தில் ஒன்று தவறினாலும் அழைப்பு வேறெங்கோ போகும். படத்தில் நாளும் நேரமும் இல்லாவிட்டால், மீட்கப்பட்டவரின் வேண்டுகோளும் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பூவரம்பு இட்டு அனுப்பும் நேரம் அன்று எவருக்கும் இல்லை. கைக்கு எளிது என்பதால் திரையைப் பிடித்து அனுப்பினர். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த வடிவம் அடுத்தவர் கையில் வேலை செய்தது என்பதற்கு அந்நாள்களே சான்று.

வாட்ஸ்அப் 2016இல் தடித்த எழுத்துக்கும் சாய்வெழுத்துக்கும் வழி செய்தபோது தேர்ந்துகொண்டது பழைய மடற்குழுக்களின் வழக்கத்தையே: சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டால் தடிமன், அடிக்கோடு இட்டால் சாய்வு. 1995ஆம் ஆண்டின் வழிகாட்டி சொன்ன அதே உடுக்குறி. தமிழில் இதைப் பயன்படுத்துவோர் பலருக்கு அதன் வயது தெரியாது. ‘நாளை *காலை 6 மணிக்கு* தண்ணீர் வராது’ என்று வந்த செய்தியைப் படியெடுத்துக் குறிப்பேட்டிலோ குறுஞ்செய்தியிலோ ஒட்டினால் தடிமன் மறைந்துவிடும். இரண்டு உடுக்குறிகளும் அங்கேயே நின்று, அனுப்பியவர் எந்தச் சொல்லை அழுத்திச் சொன்னார் என்பதைக் காட்டிக்கொண்டிருக்கும்.